மூன்று பாட்டில் ரத்தம்

(அடி அண்ணாமலையில் மார்கழி மாலை ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

என்னிடம் அடி வாங்கிப் படித்துவிட்டு இன்று எனக்கே நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து போட்ட பிள்ளைகளே!

உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். 33 ஆண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றே பேசிப் பழகியவனுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டி நான்கு மாதம்தான் ஆகிறது. அந்தக் கம்பியை இனி எடுக்க மாட்டார்களாம். நான் போகும்போது அதுவும் என்னோடு வரும்.

திருவெம்பாவை பிறந்த மண் இது என்று நம் முன்னோர் சொல்வார்கள். மாணிக்கவாசகருக்குத் தனிக் கோயிலே நம் ஊரில் இருக்கிறது. மார்கழியில் இங்கே பேச வேண்டுமென்றால் திருவெம்பாவையைப் பற்றித்தான் பேச வேண்டும். விழாக் குழுவினர் விடவில்லை. “சார், நீங்க செத்துப் பொழச்சு வந்திருக்கீங்க, நோயும் நம்பிக்கையும்னு பேசுங்க” என்றார்கள். அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணை மூடியிருந்தபோது மலை தெரிந்தது, ஜோதி தெரிந்தது, அண்ணாமலையார் தலையைத் தடவினார் என்று சொல்வேன் என்று நினைக்கிறார்கள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. பொய் சொல்ல இது இடமில்லை.

எனக்கு அங்கே தெரிந்ததெல்லாம் தாகம்தான். தொண்டையில் குழாயை விட்டு எடுத்திருந்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தலைமாட்டில் ஒரு பெட்டி ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டே இருந்தது. சிவபுராணம் முழுக்க மனப்பாடம் எனக்கு. ஒரு வரி வரவில்லை. ‘தண்ணி, தண்ணி’ என்பது மட்டும்தான் வந்தது. தண்ணீர் தரக்கூடாத நேரம் அது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, என் பேத்தியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், பஞ்சை நனைத்து என் உதட்டில் வைத்து வைத்து எடுத்தாள். “கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க தாத்தா” என்றாள். அந்த நனைந்த பஞ்சுதான் எனக்குக் கிடைத்த தரிசனம். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். எனக்கே வருத்தமாகத்தான் இருந்தது, இத்தனை வருடம் பாடியதெல்லாம் எங்கே போயிற்று என்று.

வீட்டுக்கு வந்த பிறகு படுத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். மல்லாந்துதான் படுக்கலாம், ஒருக்களிக்கக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். யோசிக்க நிறைய நேரம் இருந்தது. காரணமில்லாமல் அழுகை வேறு வரும். மிக்ஸி ஓடினால் அழுகை வரும். நெஞ்சைத் திறந்த நோயாளிகளில் பலருக்கு இப்படி ஆகுமாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் மனைவி பயந்திருக்க மாட்டாள்.

அப்படிப் படுத்திருந்தபோது அப்பர் ஞாபகத்துக்கு வந்தார். மருள்நீக்கியார் என்ற இயற்பெயர் கொண்ட அவர், சமண மடத்தில் தருமசேனராகப் பெரிய பதவியில் இருக்கிறார். சூலை நோய் குடலை முறுக்குகிறது. மந்திரம் பலிக்கவில்லை. இரவோடு இரவாகத் தமக்கை திலகவதியார் இருக்கும் திருவதிகைக்கு வருகிறார். அங்கே பாடிய முதல் பதிகத்தைப் பள்ளியில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அது நன்றிப் பாட்டு என்று என் மனதில் எப்படியோ பதிந்திருந்தது. எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் நன்றி எங்கே இருக்கிறது? ‘என்னால் தாங்க முடியவில்லை, ஏன் இப்படிச் செய்கிறாய், இதை எடு’ என்கிற முறையீடுதான் இருக்கிறது. வயிற்று வலிக்காரன் கத்துகிற கத்தல். தேவாரத்தில் அப்பருடைய பாட்டு அங்கேதான் தொடங்குகிறது. அதைப் பார்த்த பிறகு, ‘தண்ணி, தண்ணி’ என்று நான் கேட்டதற்காக வெட்கப்படுவதை நிறுத்திக்கொண்டேன்.

சைவ ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஆழ்வாரைச் சொல்லப்போகிறேன். முன்வரிசைப் பெரியவர்கள் கோபிக்கக்கூடாது. குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழியில் வித்துவக்கோட்டுப் பதிகம் ஒன்று உண்டு. வித்துவக்கோடு இப்போது கேரளத்தில், பட்டாம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பதிகத்தில் ஒரு பாட்டு. மருத்துவன் கத்தியால் அறுக்கிறான், சூடு வைக்கிறான், அப்படியும் நோயாளிக்கு அவன் மேல் உள்ள அன்பு குறைவதில்லை. அதுபோல நீ எத்தனை துன்பம் கொடுத்தாலும் நான் உன் அருளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று பெருமாளிடம் சொல்கிறார். இதையும் நடத்தியிருக்கிறேன். உவமை அணி, இரண்டு மதிப்பெண், அடுத்த பாட்டுக்குப் போ.

அந்த நோயாளி விழித்திருக்கிறான் என்பது எனக்கு இத்தனை நாள் உறைக்கவே இல்லை. ஆழ்வார் காலத்தில் மயக்க மருந்து ஏது? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில் மார்ட்டன் என்கிற பல் மருத்துவர் ஈதரை முகரவைத்து, வலியில்லாமல் ஒருவருக்குக் கட்டி அறுக்க முடியும் என்று ஊரறியக் காட்டியது 1846 அக்டோபரில்தான். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நோயாளி இவன். கத்தி வருவதைப் பார்க்கிறான், சூட்டுக்கோல் பழுப்பதைப் பார்க்கிறான், பிடித்திருக்கிற கைகள் யாருடையவை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அன்பு வைக்கிறான்.

நான்? கையில் ஊசி போட்டு, “சார், பத்திலிருந்து தலைகீழா எண்ணுங்க” என்றார்கள். ஏழு வரைக்கும் எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நேராக நனைந்த பஞ்சு.

இடையில் என்ன நடந்தது என்று தெரியாமல் நான் யாருக்கு நன்றி சொல்வது?

இந்த இடத்தில் தமிழ் வாத்தியார் கொஞ்சம் தலைகாட்டுவார். ‘நன்றி’ என்று இன்று நாம் சொல்வது மனதில் உண்டாகும் உணர்ச்சியை. பழைய தமிழில் நன்றி என்பது நன்மை. ஒருவர் செய்த நல்ல காரியம். அதனால்தான் வள்ளுவர் அதிகாரத்துக்கு ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர் வைத்தார். செய்த நன்மையை அறிதல். ‘அறிதல்’ என்று ஒரு வேலை அதில் இருக்கிறது. நெஞ்சு நெகிழ்ந்துவிட்டால் மட்டும் போதாது, விசாரிக்க வேண்டும். யார் செய்தார்கள், என்ன செய்தார்கள்?

விசாரிக்கத் தொடங்கினேன். ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது ஓர் இளம் டாக்டர் அகப்பட்டார். அவருக்கு அன்று நல்ல பொறுமை. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நெஞ்செலும்பை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்தார்கள். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்றால் அசையாமல் நிறுத்துவது. அந்த நேரம் முழுக்க ஓர் இயந்திரம் என் ரத்தத்தை வாங்கி, ஆக்சிஜன் ஏற்றி, உடம்புக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி இயந்திரத்தை நம்பி முதன்முதலில் ஒரு பெண்ணின் இதயத்தை வெற்றிகரமாகச் சரிசெய்தவர் பிலடெல்பியாவின் கிப்பன், 1953 மே மாதம். என் காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை உருவி எடுத்து, இதயத்தில் அடைத்திருந்த இடத்தைச் சுற்றி மாற்றுப் பாதையாகத் தைத்தார்கள்.

காலிலிருந்தா என்று கேட்டேன். ஆமாம் என்று வேட்டியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினார். அதை நான் வேறு ஏதோ என்று நினைத்திருந்தேன்.

பாருங்கள், சிறு வயதிலிருந்து பௌர்ணமி தவறாமல் இந்த மலையைச் சுற்றிய கால் இது. 14 கிலோமீட்டர். இப்போது அந்தக் காலில் ஒரு துண்டு என் நெஞ்சுக்குள் இருக்கிறது. நான் கட்டிலில் கிடந்த நாட்களில்கூட மலை சுற்றிய கால்தான் இதயத்துக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தது. இதை யாராவது கவிதையாக எழுதிக்கொள்ளலாம், எனக்கு வேண்டாம்.

காலின் குழாயை இதயத்துக்கு மாற்றும் இந்த வழியை 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நிலைநாட்டியவர் ரெனே ஃபவலோரோ. அர்ஜென்டினாக்காரர். அவரைப் பற்றிப் பேரன் தேடிப் படித்துக் காட்டினான். அமெரிக்கா போவதற்கு முன் 12 ஆண்டு அவர் தம் நாட்டில் ஒரு பட்டிக்காட்டு டாக்டர். பொட்டல் காடு. அங்கே ரத்த வங்கிக்கு வழியில்லை. ஊர் ஆட்களின் ரத்தப் பிரிவை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, அவசரம் என்றால் அவர்களையே கூப்பிடுவாராம். நடமாடும் மனிதர்களே ரத்த வங்கி. இந்தியாவில் இந்த பைபாஸை முதலில் செய்தவர் டாக்டர் கே.எம். செரியன், 1975இல், நம் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். ஃபவலோரோவும் செரியனும் என் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் அன்று அந்த அறையில் அவர்கள் கை இருந்திருக்கிறது.

பெரிய பெயர்களைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். வள்ளுவர் அப்படிச் செய்யவில்லை. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நான்கு கூறு சொல்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, அப்புறம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவன். அந்த நான்காவது ஆளை மருத்துவனோடு ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார். பஞ்சை நனைத்த பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்களைக் கல்லிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. 15 கட்டில் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை ஒன்றை அந்தக் கோயில் நடத்தியிருக்கிறது. கல்வெட்டைப் படித்தால் சம்பளப் பட்டியலே தெரிகிறது: வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், அதாவது அறுவை மருத்துவர், பச்சிலை பறித்து வருகிறவர்கள், நோயாளிகளுக்கு மருந்து ஊட்டும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். இரவில் எரிய விளக்குக்கு எண்ணெய்கூட மறக்கவில்லை. வைத்தியருக்குத் தரும் நெல்லைவிட அறுவை மருத்துவருக்குக் குறைவு. அந்தக் காலம் அப்படி. இன்றைய டாக்டர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால் சிரித்துக்கொள்ளலாம். நன்றி அறிதல் என்றால் எனக்கு இனி அந்தக் கல்வெட்டுத்தான் இலக்கணம். தண்ணீர் தூக்கியவர்வரை எழுதி வைத்தார்கள்.

மலையின் பின்பக்கத்தில் இருந்துகொண்டு ரமணரைப் பேசாமல் போகமுடியாது. 1896இல் பதினாறு வயதுப் பையனாக வந்தவர், பெரிய கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குழியில் உட்கார்ந்துவிட்டார். பூச்சி கடித்துத் தொடையெல்லாம் புண். வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கியது அவருக்கே தெரியாது என்பார்கள். எனக்கு மயக்க மருந்து, அவருக்கு வேறு என்னவோ. 53 ஆண்டு கழித்து 1949இல் இடது முழங்கைப் பக்கம் கட்டி. பிப்ரவரியில் அறுத்தார்கள், மார்ச்சில் அறுத்தார்கள், ஆகஸ்டில் அறுத்தார்கள், நான்காம் முறை டிசம்பர் 19, இதேபோல் ஒரு மார்கழி. ரேடியம் வைத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு மட்டும் அவர் இசையவில்லை. மற்றபடி அலோபதி, பச்சிலை, ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் ஏற்றுக்கொண்டார். கொண்டுவந்தவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு முடிந்தது. அவர் குணமாகவில்லை. நன்றி, நம்பிக்கை என்று பேசுகிறவர்கள் பிழைத்தவர்களை மட்டும் மேடையேற்றுவது எனக்குப் பிடிக்காது. என் பக்கத்துக் கட்டில்காரர் செய்யாறுக்காரர், என்னைவிடப் பக்தி அதிகம். அவர் வீடு திரும்பவில்லை. என் நம்பிக்கை ஜெயித்தது என்று நான் சொன்னால் அவருடைய மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்?

ரமணரின் கடைசி நாட்களில் நடந்ததாக ஒரு சின்னச் செய்தி உண்டு. உடம்பு பிடித்துவிட்ட தொண்டரிடம் அவர் ஆங்கிலத்தில் ‘தேங்க்ஸ்’ என்றாராம். தொண்டருக்குப் புரியவில்லை. வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள், நாம் ‘சந்தோஷம்’ என்போம் என்று விளக்கினாராம். நம் ஊரில் யார் ‘நன்றி’ என்று சொல்கிறோம்? மேடையில் சொல்வோம், கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்போம். களத்துமேட்டில் ஒரு கை மூட்டை தூக்கிவிட்டவனிடம் ‘நன்றி’ என்றால் அவன் விரோதம் வந்துவிட்டதோ என்று பார்ப்பான். ‘நல்லா இருப்பா’ என்போம், ‘சந்தோஷம்பா’ என்போம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆபரேஷனுக்கு முன் மூன்று பேரை ரத்தம் கொடுக்க அழைத்து வரச் சொன்னார்கள். நம் தெருப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான், ஒருவனுக்கு டீக்கடை, ஒருவன் கல்லூரியில் படிக்கிறான். பெயர் சொன்னால் அடுத்த முறை வரமாட்டோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கைகூப்பி, ‘நன்றி’ என்று தொடங்கினேன். டீக்கடைக்காரன் எழுந்துவிட்டான். “என்ன சார் இது, வேற பேச்சு பேசுங்க” என்றான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே ஆறாவது வாரத்தில் ரத்த வங்கி ஜன்னலுக்கும் போனேன். அறிதல் என்று கிளம்பிவிட்டேன் அல்லவா? “எங்க பசங்க மூணு பேர் ரத்தம்தானே எனக்கு ஏறுச்சு?” என்று கேட்டேன். அங்கிருந்தவர் சிரித்தார். அப்படி உடனே ஏற்ற மாட்டார்களாம். எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேக நோய், மலேரியா எல்லாம் சோதித்துத்தான் இருப்பில் வைப்பார்கள். நம் பிள்ளைகள் கொடுத்தது இருப்புக்குப் போயிற்று, வேறு யாருக்கோ போகும். எனக்கு ஏறியது முன்பே வேறு மூன்று பேர் கொடுத்தது. “அவங்க யாரு?” “நம்பர்தான் சார் இருக்கும். பேரைச் சொல்லக்கூடாது.”

அந்த ஜன்னலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு காலத்தில் என்றால் அந்த மூவரும் வயிற்றுக்காக விற்றிருப்பார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் விற்பது கூடாது. ஆகவே கொடுத்தவர்கள்தான். முன்பின் தெரியாத ஒருவருக்கு, எந்த ஊர், எந்தச் சாதி, ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு. மூன்று பாட்டில். வள்ளுவருடைய ‘அறிதல்’ அந்த ஜன்னலோடு நின்றுவிட்டது. இதற்கு மேல் அறிய முடியாது.

நம்பிக்கையைப் பற்றிச் சொல்லவில்லையே என்று விழாக் குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு ஒரு காகிதக் கட்டைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். என்னவெல்லாம் ஆகலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று 33 ஆண்டு பிள்ளைகளுக்குச் சொன்ன ஆள் நான். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. போட்டுவிட்டேன். சாமி கும்பிட்டபோதெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் கும்பிட்டிருக்கிறேன். அந்த ஒரு கையெழுத்தில் கணக்கில்லை. நம்பிக்கை என்னிடம் இருந்ததென்றால் அந்த இரவில், அந்தப் பேனா முனையில் இருந்தது. மறுநாள் தாகத்தில் தேடியபோது கிடைக்கவில்லை என்று ஏங்கியது வீண்.

இப்போது தினம் நடக்கிறேன். வீட்டிலிருந்து கிரிவலப் பாதையில் மின்கம்பம் எண்ணிக்கொண்டு நடப்பது. முதல் வாரம் இரண்டு கம்பம். பிறகு கோயில் வாசல். இன்று காலை வாயு லிங்கம்வரை போய்த் திரும்பினேன். உடம்பை ஒடுக்கி நுழைய வேண்டிய இடுக்குப் பிள்ளையார் கோயில் வழியாக மட்டும் இந்த ஜென்மத்தில் நுழைய வேண்டாம் என்று மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சுற்ற முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பானையில் மோர் வைத்துக்கொண்டேன். ராஜகோபுரத்தில் கிளம்பியவர்கள் நம் ஊருக்கு வரும்போது பாதி வழி தாண்டியிருக்கும். கால் ஓய்ந்து, பேச்சு ஓய்ந்து வருவார்கள். லட்சக்கணக்கில் வருகிறார்கள், உங்களுக்கே தெரியும். நள்ளிரவு தாண்டியும் வந்துகொண்டிருந்தார்கள். டம்ளரை வாங்க நீளும் ஒவ்வொரு கையிலும் முழங்கை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் ஊசி போடுவார்கள். தழும்பு நிற்காது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். நாலு கல்லூரிப் பையன்கள். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பஸ் கண்டக்டர்.

கண்டக்டர்தான் கேட்டார், “என்ன பெரியவரே, கையவே பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்லை, குடிங்க” என்றேன்.

எனக்கு உப்பு கூடாது, அதனால் மோரை ருசி பார்க்க முடியாது. மனைவி கைப்பதத்தில் போட்டுவிடுகிறாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்று சொல்லி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயு லிங்கத்துப் பக்கம் நடந்தார்.

அடுத்த பௌர்ணமியிலிருந்து குறைத்துவிட்டோம்.